பலகையில் இல்லாத சொல்

சிட்டிபாபு வைத்த மூன்றெழுத்துச் சொல்லைக் கிருபானந்தம் வாத்தியார் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அது சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில், மிஷன் பள்ளிக்குப் பின்புறம் இருந்த சிறிய ஓட்டு வீடு. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த வீட்டு வாசலில் மட்டும் நட்சத்திர விளக்குக் கட்டப்படவில்லை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரான கிருபானந்தம், இருதய நோயால் கட்டிலோடு கட்டிலாக ஆகிவிட்டவர். கட்டிலை ஒட்டிப் போடப்பட்டிருந்த முக்காலியின் மேல் மரச் சதுரங்கள் பரவிக் கிடந்தன. பள்ளித் தச்சுப் பட்டறையில் உடைந்த அடிக்கோல்களை அறுத்துச் செய்யப்பட்ட எழுத்துகள் அவை. ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறுபக்கம் பழைய அங்குலக் கோடு. பையில் கைவிட்டு எழுத்துகளை எடுக்க வேண்டும். ஒருவர் வைத்த சொல்லில் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர் குறுக்கே இன்னொரு சொல் வைக்க வேண்டும்.

“அது மார்க்குக்கு வெக்கிற வார்த்தை இல்லப்பா,” என்றார் வாத்தியார், மிகவும் மென்மையாக.

ஜி, ஓ, டி. கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஆட்டம் தொடங்கும் முன்பே வாத்தியார் இரண்டு சட்டங்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த முக்காலிக்கு எதிரே புதிதாக உட்காரும் எவருக்கும் அவற்றைச் சொல்லாமல் அவர் பையைத் திறப்பதில்லை என்பது வழக்கம். முதலாவது, வைக்கிற சொல்லுக்கு உடனே வாயால் பொருள் சொல்ல வேண்டும். பொருள் சொல்லாத சொல்லுக்கு மார்க்குக் கிடையாது. இரண்டாவது, ஆண்டவருடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்பது கட்டளையாகையால், அந்தச் சொல்லை விளையாட்டுக்கு எடுக்கக் கூடாது. அவர் இதைச் சொன்ன வேளையில் சிட்டிபாபுவின் கவனம் முழுவதும் அச்சு முறுக்குத் தட்டின் மேல் இருந்தது.

துப்பறிவாளர் சண்முகம் தம் உதவியாளன் சிட்டிபாபுவைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்து, விருப்ப ஓய்வு பெற்றவர். கள்வர்களைப் பிடிப்பதில் அவருக்குச் சலிப்பு வந்ததில்லை. விபத்தில் இறந்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்லும் வேலைதான் அவரைச் சலிக்க வைத்தது. தொலைந்தவர்களைத் தேடிக் கொடுக்கும் தொழிலை அவர் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். இனியாவது நல்ல செய்தியோடு கதவைத் தட்டலாம் என்று எண்ணினார்.

இந்த முறை தேட வேண்டியவர் வாத்தியாரின் ஒரே மகன் பிரகாசம். திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பத்துப் பெண்ணை அவர் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி வந்த ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும் வாத்தியார் எழுந்து நின்று, தமக்கு மகன் இல்லை, மகள் லோயிஸ் ஒருத்திதான் என்று சபையார் முன்னிலையில் அறிவித்துவிட்டார். தாயார் தபீதாள் அந்த ஏக்கத்திலேயே கண்ணை மூடினார். மகன் தாயின் அடக்கத்துக்கும் வரவில்லை. வரலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. இப்போது வாத்தியாருக்கு மிஞ்சியிருந்த ஆசை ஒன்றே ஒன்று. சபையில் சொன்ன அந்தச் சொல்லை, அதே மகனை அருகில் நிறுத்திக்கொண்டு, அதே சபையில் திரும்பப் பெற வேண்டும்.

விடைபெறும்போது லோயிஸ் வாசல்வரை வந்தாள்.

“நைனா தூக்கத்துலகூட அவன் பேரையே சொல்லிக்கினு இருக்காரு சார். இந்தப் பண்டிகைக்குள்ள வந்தான்னா போதும். அப்புறம் தாங்கமாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

திருப்பதிப் பேருந்தில் சன்னலோரம் பிடித்து உட்கார்ந்த சிட்டிபாபு, தேடுகிற ஊரில் ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டான். அங்கே வந்து இறங்குகிறவர்களில் பாதிப்பேர் மொட்டை. மொட்டை போட்டால் மாமனாரை மருமகனுக்கே தெரியாது என்றான். சண்முகம் அதற்குச் சிரித்துவிட்டுத் தம் யோசனையைச் சொன்னார். மனிதன் பேரை மாற்றிக்கொள்வான், மீசையை எடுப்பான், மதத்தைக்கூட மறைப்பான். சிறு வயதில் ஒட்டிக்கொண்ட விளையாட்டை விடமாட்டான். எழுத்துச் சதுரங்களோடு வளர்ந்தவன் திருப்பதியில் எங்கே போய் விளையாடுவான் என்று பார்த்தால் போதும்.

“ஏம் சார், சீட்டாட்டக்காரனத் தேடினா கிளப்புக்குப் போலாம், குடிகாரனத் தேடினா கடைக்குப் போலாம். இங்கிலீஷ் வார்த்தைக்கு எந்தக் கடைக்கிப் போறது?”

சந்திரகிரி தாண்டும்வரை அவனுக்கு விடை கிடைக்கவில்லை. கோவிந்தராஜர் சந்நிதிக்கு அருகே ஒரு மாடியில் இருந்த வாசகசாலைக்குள் நுழைந்ததும் கிடைத்தது.

வாசகசாலையின் காரியதரிசி வெங்கடராகவன் என்பவர், நெற்றியில் பளிச்சென்று நாமமும், விரல்களில் சுண்ணாம்புக்கட்டித் தூளுமாக அவர்களை வரவேற்றார். சனிக்கிழமைதோறும் அவர் கரும்பலகையில் நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதி வைப்பார். அதன் எழுத்துகளைக்கொண்டு எத்தனை சிறு சொற்கள் அமையுமோ அத்தனையையும் பொருளோடு எழுதி, வாசகர்கள் ஒரு மண்குடுவையில் போட வேண்டும். வந்தவற்றில் மிகச் சிறந்ததை மாணவர்களின் நன்மைக்காக அவரே பலகையில் ஏற்றி வைப்பார். இந்த வாரச் சொல் கொடவுன், அதாவது கிடங்கு. கடைவீதியில் வண்டி இழுப்பவர்கூட அறிந்த சொல்லாகையால் மிகுந்த ஆர்வத்தோடு பலர் கலந்துகொண்டதாகக் காரியதரிசி பெருமைப்பட்டுக்கொண்டார். சிறந்ததை அனுப்பியவர், எப்போதும்போல, ‘பி’ என்று மட்டும் கையெழுத்திடுகிறவர்.

‘பி’. பிரகாசத்தின் முதலெழுத்து என்று சண்முகம் எண்ணிக்கொண்டார். அவர் பலகையின் அருகே சென்றார்.

அங்கி, மரம், கீழே, நல்லது, நாய், சொந்தம் என்று பொருள்கள் அழகாக வரிசையில் நின்றன. தலையசைப்பதைக் குறிக்கும் ‘நாட்’ என்ற சொல்லுக்கு, ‘வாய் வராதபோது, சரி என்று தலையாட்டுவது’ என்று பொருள் எழுதப்பட்டிருந்தது. அகராதியைப் பார்த்து எழுதியவர் கை அல்ல அது.

“ஏமண்டி, நான்கூட ஒரு பரிசு வாங்குவேன் போலிருக்கே,” என்றான் சிட்டிபாபு. “இந்த வார்த்தையில உள்ளயே போக வேணாம். வாசல்ல மொத மூணு எழுத்தைப் புடிச்சாலே சாமி நிக்கிறாரு. இந்த மகாராஜன் அத விட்டுட்டாரே.”

சண்முகம் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்னர் பலகையை மேலிருந்து கீழாக மீண்டும் ஒருமுறை படித்தார். சிட்டிபாபு சொன்னது மெய். கொடவுனின் முதல் மூன்று எழுத்துகளே கடவுளின் பெயர். குழந்தைகூட முதலில் எழுதும் சொல். அது மட்டும் இல்லை.

காரியதரிசி அதைக் கவனித்திருந்தார். ‘பி’ ஒருமுறையும் அந்தச் சொல்லை எழுதுவதில்லை என்றும், சாதாரணமானது என்று அலட்சியமாக விட்டுவிடுகிறார் போலும் என்றும் சொன்னார். அதே மூன்று எழுத்துகளைப் புரட்டிப் போட்டு நாயை எழுதியவருக்கு இது அலட்சியமாக இருக்க முடியாது என்று சண்முகம் பணிவோடு தெரிவித்தார். அப்படியானால் பெருமாளிடம் அளவற்ற பக்தி கொண்ட வைணவர் எவரோ, மரியாதைக்காக விடுகிறார் என்றார் காரியதரிசி. ‘பி’ என்றால் பெருமாளையே குறிக்கும் என்பது அவருடைய நெடுநாள் கருத்து.

சண்முகம் சன்னலைக் காட்டினார். கீழே மலையேறப் போகும் பேருந்திலிருந்து கோவிந்தா, கோவிந்தா என்ற முழக்கம் எழுந்துகொண்டிருந்தது.

“ஸ்வாமி, தாங்கள் தவறாக எண்ணக் கூடாது. உங்கள் ஊரில் அந்தப் பேரை வீணாகச் சொன்னாலும் புண்ணியம் என்பார்கள். கால் தடுக்கினாலும் சொல்கிறார்கள், பாரம் தூக்கினாலும் சொல்கிறார்கள். அதை வாய்க்குள் பூட்டி வைக்கிற வீடு வேறு. விளையாட்டில் அந்தப் பேரைக் கூப்பிடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்த வீட்டில்தான் நாங்கள் இன்று காலை அச்சு முறுக்குச் சாப்பிட்டோம்.”

சிட்டிபாபு தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். காலையில் அந்த மூன்று சதுரங்கள் திரும்பி வந்து விழுந்த இடம் அது.

‘பி’யைக் காரியதரிசி கண்ணால் கண்டதில்லை. அவருடைய தாள், பால்காரி செல்லியம்மாவின் கையோடு வந்து குடுவையில் விழும். இந்த வாரமும் தவறாமல் வந்தது. ஆள் உயிரோடு, இதே ஊரில் இருக்கிறார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மாடிப்படியில் இறங்கும்போது சண்முகம் தம்மையறியாமல் இரண்டிரண்டு படியாக இறங்கினார். இந்த முறை நல்ல செய்தியோடு கதவைத் தட்டப்போகிறோம்.

செல்லியம்மாவை மாட்டுக் கொட்டகையில் கண்டுபிடித்தார்கள். போலீஸ்காரர் நடையைக் கண்டதுமே, பாலில் தண்ணீர் கலக்கிறவள் எதிர்வீட்டுக்காரிதான் என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள். சிட்டிபாபு அவளைச் சமாதானப்படுத்திச் செய்தியைக் கறந்தான்.

“ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட சந்துல ஒரு டீச்சரம்மா கீது. அதான் சீட்டு குடுக்கும், நான் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். ஐயாவா? அந்த வூட்ல ஐயாவ நான் பாத்ததே இல்லியே.”

ஆள் எவ்வளவு கெட்டிக்காரர், பால்காரியின் கண்ணுக்குக்கூடத் தென்படாமல் ஒளிந்திருக்கிறாரே என்று சிட்டிபாபு வியந்தான்.  சந்தின் முனையில் சண்முகத்தின் நடை தளர்ந்தது. கால்கள் பழைய வேலையை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டன.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். வெளிர்நீலப் புடவை, வெறுமையான நெற்றி, வெறுமையான கழுத்து. அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு புகைப்படம். சித்தூர் வீட்டில் லோயிஸ் காட்டிய படத்திலிருந்த அதே அகன்ற நெற்றி, அதே சற்றே சாய்ந்த தலை. படத்துக்கு நூல்மாலை சார்த்தியிருந்தது.

சண்முகம் தாம் யார் என்பதையும், எங்கிருந்து வருகிறார் என்பதையும் தடுமாற்றத்தோடு சொல்லி முடித்தார்.

“அவரைத் தேடிண்டு வந்தேளா?” என்றாள் பிரகாசத்தின் மனைவி ஸத்யபாமா. “ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கணும் நீங்க.”

மஞ்சள் காமாலை. படுத்து எழுந்திருக்கவே இல்லை. அவள் பிறந்த வீட்டார் திருமணத்தன்றே அவளைத் தலை முழுகியவர்கள், இறப்புக்கும் எட்டிப் பார்க்கவில்லை. தொடக்கப்பள்ளியில் வேலை இருந்ததால் அவள் வயிறு காய்ந்ததில்லை. இவற்றையெல்லாம் அவள் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். அவர்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

சிட்டிபாபு செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் நின்றான்.

வாசகசாலைக்குத் தாள் அனுப்புகிறவர் யார் என்று சண்முகம் கேட்டார்.

“நான்தான். கல்யாணமான புதுசுல சாயங்காலம் ஆனா வெத்தலைப் பெட்டி மூடியில எழுத்தை எழுதிண்டு உட்கார்ந்துடுவர். நானும் பக்கத்துல உட்கார்ந்து கத்துண்டேன். அவர் கண்ணை மூடின வாரம்கூட பாதி எழுதி வெச்ச தாள் இருந்தது. மீதியை நான் எழுதி அனுப்பினேன். அப்புறம் நிறுத்த முடியலை.” அவள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். “அங்கே யாருக்கும் அவர் போனது தெரியாது. அந்தப் பலகையில மட்டுமாவது இருக்கட்டுமேன்னு...”

 சனிக்கிழமைதோறும் ஒரு கரும்பலகையில் தன் கணவனை உயிரோடு வைத்திருந்த அந்தப் பெண்ணிடம், தாம் இன்று எதைப் பறித்துக்கொண்டு போகிறோம் என்பது சண்முகத்துக்கு விளங்கியது.

சாமி பெயரை மட்டும் ஏன் விடுகிறாள் என்பதை அவர் கேட்காமலிருக்க முடியவில்லை.

“அவர் விட்டுடுவர். ‘எங்க வீட்ல அது மார்க்குக்கு வெக்கிறதில்ல’ன்னு ஒரு தடவை சொன்னார். எங்க வீட்லன்னு அவர் வாயால சொன்னது அந்த ஒண்ணைத்தான். அதனால நானும் வெக்கறதில்லை.”

சித்தூருக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டபோதுதான் அவள் குரல் முதல்முறையாக உடைந்தது.

“அவர் இருக்கறச்சேயே இல்லைன்னு சொன்னவர்கிட்டே போய், இப்போ நிஜமாவே இல்லைன்னு எப்படிச் சொல்றது?”

 கிழவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை மட்டும் சண்முகம் மறைக்காமல் சொன்னார். வர வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. அவள் படத்தின் நூல்மாலையைச் சரிசெய்தாள். பிறகு, மறுநாள் பள்ளிக்கு விடுமுறைதான் என்றாள்.

 திரும்பும் பேருந்து சித்தூர் எல்லையைத் தொட்டபோது, சிட்டிபாபு, தாங்கள் ஆளைக் கண்டுபிடித்ததாகக் கணக்கா, தொலைத்ததாகக் கணக்கா என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து ஊர் உண்டு களைத்திருந்த பிற்பகலில் ஸத்யபாமா அந்த வாசற்படியில் நின்றாள். லோயிஸுக்குச் சண்முகம் முந்தின இரவே சொல்லியிருந்தார். அழுது வீங்கிய முகத்தை அவள் மாவு சலிக்கும் வேலையில் மறைத்துக்கொண்டிருந்தாள். தந்தையிடம் எப்படிச் சொல்வது, எந்த அளவு சொல்வது, மருத்துவரை அருகில் வைத்துக்கொள்ளலாமா என்று மூவரும் கூடிப் பேசி வகுத்த திட்டம் ஒன்று இருந்தது. அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

வாத்தியார் தலையணையில் சாய்ந்தபடி, உள்ளே வந்தவளின் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். அங்கே சிட்டிபாபு மட்டும் நின்றிருந்தான்.

“எப்போம்மா?” என்றார்.

அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். லோயிஸ் ஓடிவந்து நாடியைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை மெல்ல விலக்கினார். 

“சபை முன்னால சொன்னேன்,” என்றார் வாத்தியார் பிறகு. “சொன்னத எடுத்துக்கணும்னு இருந்தேன் சார். இனிமே யார்கிட்டருந்து எடுத்துக்கறது?”

கேள்வி தமக்கு என்று அறிந்தும் சண்முகம் தலைகுனிந்து நின்றார். 

வாத்தியார் லோயிஸைப் பார்த்து, பையைக் கொண்டுவரச் சொன்னார். இந்த நிலையில் வேண்டாம் என்று மகள் கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. முக்காலி வந்தது. சிலேட்டும் பலப்பமும் வந்தன. மார்க்கு எழுதுவது எப்போதும் லோயிஸின் பொறுப்பு. ஸத்யபாமா தரையில் உட்காரப் போனாள். வாத்தியார் கட்டிலின் விளிம்பைக் கையால் தட்டிக் காட்டினார். அவள் அங்கே உட்கார்ந்தாள்.

சிட்டிபாபு, தன்னால் ஆன உதவியாக, குரலைத் தாழ்த்தி அவளிடம் தொடங்கினான்.

“அம்மா, பை தொறக்கறதுக்கு முன்னாடி, இந்த வூட்ல ரெண்டு சட்டம் கீது...”

வாத்தியார் கையை உயர்த்தினார்.

“அவளுக்குச் சொல்லாத தம்பி. சட்டம் வெளியாளுக்குச் சொல்றது.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புடவைத் தலைப்பின் மேல் இரண்டு சொட்டுகள் விழுந்து பரவின. பிறகு பையில் கைவிட்டு எழுத்துகளை எடுத்தாள். வெகுநேரம் யோசித்து, முக்காலியின் நடுவில் மூன்றை வைத்தாள். என், ஓ, டி.

“வாய் வராதப்போ,” என்றாள், “சரின்னு தலையாட்டறது.”

கிழவரின் தலை மெதுவாக அசைந்தது. லோயிஸ் பலப்பத்தால் மார்க்கைக் குறித்தாள். அடுத்து வாத்தியாரின் முறை. விரல்களால் தம் சதுரங்களைத் தடவித் தடவிப் பார்த்தார். அவள் வைத்த சொல்லின் நடு எழுத்துக்கு மேலே ஒன்றை வைத்தார். கீழே இன்னொன்றை வைத்தார். மேலே ஜி. கீழே டி.

சிட்டிபாபு சண்முகத்தின் சட்டைக் கையைப் பற்றினான். 

வாத்தியாரின் உதடுகள் பிரிந்தன. பொருள் சொல்ல வேண்டிய முறை அவருடையது. எத்தனையோ ஆண்டுகள் வகுப்பறையில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொற்களுக்கெல்லாம் பொருள் சொன்ன வாய் அது. அவர் மருமகளைப் பார்த்தார், அந்த மூன்று எழுத்துகளைப் பார்த்தார், வெறும் வாசலைப் பார்த்தார். உதடுகள் அப்படியே மூடிக்கொண்டன.

பொருள் சொல்லாத சொல்லுக்கு அந்த வீட்டில் மார்க்குக் கிடையாது. மார்க்குக்கு என்றில்லாமல் அந்தச் சொல் முக்காலியிலேயே இருந்தது. லோயிஸ் பலப்பத்தைச் சிலேட்டின் மேல் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டாள்.